லண்டனில் மகளுக்குப் பாதுகாப்பான அறை: பாளையங்கோட்டையில் இருந்தபடியே உறுதி செய்ய முடியுமா?

கேள்வி: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வரும் செப்டம்பரில் லண்டன் மைல் எண்ட் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்பில் சேரவிருக்கிறாள். சேர்க்கைக் கடிதம் தாமதமாக வந்ததால் பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி கடந்துவிட்டது. இப்போது காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். லண்டனில் எங்களுக்கு உறவினர் என்று யாரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டிப் படிக்கப் போகும் முதல் பிள்ளை அவள்தான். விமானத்திலிருந்து இறங்கும் அன்று அவள் எந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறாள் என்று தெரியாமல் டிக்கெட் எடுக்க எனக்கும் என் மனைவிக்கும் மனம் வரவில்லை.

மூன்று வாரங்களாக இணையத்தில் தேடியதில் மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். முதலாவது, மைல் எண்டிலேயே தனிக் குளியலறையுடன் கூடிய பெரிய அறை. மின்சாரம், இணையம் எல்லாம் சேர்த்து மாதம் 550 பவுண்டு. வீட்டுக்காரர் வேலை நிமித்தமாக ஸ்காட்லாந்தில் இருப்பதாகவும், இரண்டு மாத வாடகையும் ஒரு மாத டெபாசிட்டும் சேர்த்து 1,650 பவுண்டை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவதாகவும் சொல்கிறார். தம்முடைய பாஸ்போர்ட் நகலையும் ஒப்பந்தப் படிவத்தையும் நாங்கள் கேட்காமலேயே அனுப்பி வைத்தார். இரண்டாவது, ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் மாடி அறை, வாரம் 150 பவுண்டு. அவர்கள் ஒரு வார வாடகையை மட்டும் டோக்கனாகக் கேட்கிறார்கள். மூன்றாவது, அதே ஈஸ்ட்ஹாமில் ஆறு பெண்கள் தங்கியிருக்கும் வீட்டில், பத்துக்கு ஒன்பது அடி அறையை இன்னொரு பெண்ணுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும், மாதம் 350 பவுண்டு. ஆனால் அந்த முகவரியை வங்கிக்கோ மருத்துவமனைக்கோ கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருந்தவன் என்பதால் முதலாமவர் கேட்கும் தொகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. படிக்கும் இடத்துக்கு நடந்தே போகலாம் என்பதால் மகளுக்கும் அந்த அறையில்தான் விருப்பம். ஆனாலும் கல்விக் கடனில் வந்த பணம் என்பதால் கை தயங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தூத்துக்குடிக்காரன்

அண்ணாச்சி, முதலாவது இடத்துக்குத் தயவுசெய்து ஒரு பைசா கூட அனுப்பாதீர்கள். 2022-இல் நான் படிக்க வந்தபோது ஏறக்குறைய இதே வார்த்தைகளில், அந்தச் சாவிக் கூரியர் உட்பட, என்னிடமும் ஒருவர் பேசினார். 900 பவுண்டு அனுப்பினேன். கணக்கில் வேறொரு பெயர் இருக்கிறதே என்று கேட்டதற்கு, அது தம்முடைய கணக்காளரின் பெயர் என்று சொன்னார், நானும் நம்பினேன். சாவி வரவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பெட்டிகளோடு அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒப்பந்தத்தில் இருந்த கதவு எண் 85. அந்தத் தெருவிலோ ஒற்றைப்படை எண்கள் 61-ஆம் வீட்டோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் ஒரு பூங்காவின் செங்கல் சுவர்தான் நீளுகிறது. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரைக் கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் ஊரிலிருந்தே ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம் என்பதுதான் இன்றுவரை என் மனத்தை அறுக்கிறது.

பிறகு அந்தப் புகைப்படங்களை நிதானமாகப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இங்குள்ள வீடுகளின் சுவர் பிளக்கில் மூன்று செவ்வகத் துளைகள் இருக்கும், பெரும்பாலும் பக்கத்திலேயே சிறிய சுவிட்சும் இருக்கும். எனக்கு வந்த படத்தில் கட்டிலுக்கு மேலே இருந்ததோ வட்டமான குழிக்குள் இரண்டு துளைகள் கொண்ட ஐரோப்பிய பிளக். அது லண்டன் அறையே அல்ல. எங்கோ ஒரு ஐரோப்பிய நகரத்து விடுதியின் படம். உங்கள் மகளிடம் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக், ஜன்னல், வெளியே தெரியும் தெரு எல்லாவற்றையும் பார்க்கட்டும். கூகுள் லென்ஸில் அதே படத்தைப் போட்டுத் தேடினால் வேறு ஊர் விளம்பரங்களிலும் அது கிடைக்கக்கூடும்.

பாஸ்போர்ட் நகலை அவராகவே அனுப்பியது நேர்மைக்கு அடையாளம் அல்ல. முன்பு அவரிடம் ஏமாந்த யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டாகவும் அது இருக்கலாம். ஆகவே உங்கள் மகளுடைய பாஸ்போர்ட்டையோ விசா விவரத்தையோ அவருக்கு அனுப்பியிருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்குள் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மோசடியால் பணம் போனால் அதைத் திருப்பித் தரும் பொறுப்பை 2024 அக்டோபர் முதல் வங்கிகள்மீது விதி சுமத்தியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நம் ஊர் வங்கியிலிருந்து நீங்கள் அனுப்பும் 1,650 பவுண்டு போனால் போனதுதான்.

பதில்: ஈஸ்ட்ஹாம் வீட்டுக்காரர்

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளில் வந்து ஈஸ்ட்ஹாமில் குடியிருப்பவன் நான். பிள்ளைகள் படித்து வெளியேறிய பிறகு மேல்மாடியில் இரண்டு அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டு வருகிறேன். வாடகைக்கு விடுகிறவன் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

உண்மையான வீட்டுக்காரர் காசைக் கேட்பதற்கு முன்பு ஆளைப் பற்றித்தான் கேட்பார், ஏனென்றால் தெரியாத ஒருவரைத் தன் வீட்டுக்குள் விடப்போகிற பயம் அவருக்கும் இருக்கிறது. பிள்ளை என்ன படிக்கிறார், சமைப்பாரா, எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று நான் கேட்காமல் யாருக்கும் அறை கொடுத்ததில்லை. அதைவிட, இங்கிலாந்தில் தங்கும் உரிமை இருக்கிறதா என்று வாடகைக்கு வருபவரிடம் சரிபார்ப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. விசா கிடைத்த பிறகு அரசாங்க இணையத்தளத்தில் பிள்ளையே அந்த உரிமையைக் காட்டும் ஒரு பகிர்வுக் குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் தண்டம் கட்ட வேண்டியவர்கள் நாங்கள்தான். விசாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் கூரியரில் சாவி அனுப்புகிறேன் என்பவரிடம் வீடே இருக்காது.

சட்டத்தில் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2019 ஜூன் முதல் இங்கிலாந்தில் அறையை ஒதுக்கி வைப்பதற்கான டோக்கன் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. பதிவுக் கட்டணம், விசாரிப்புக் கட்டணம் என்று எதுவும் வாங்கக் கூடாது. உங்களுடைய இரண்டாவது இடத்தின்படி பார்த்தால் டோக்கன் 150, டெபாசிட் அதிகபட்சம் 750. அவர்கள் கேட்டது சட்டத்துக்குள் இருக்கிறது. வார வாடகையை நான்கால் பெருக்கி மாதம் 600 என்று எண்ண வேண்டாம்; 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 650 வரும், வரவுசெலவைப் போடும்போது அதையே எழுதுங்கள். அதற்கு மேலாக, 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டியே வாங்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் உங்கள் ஊர் வழக்கம் என்பது விளங்குகிறது ஐயா, ஆனால் அந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

ஒரு வித்தியாசத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்து, சமையலறையையும் குளியலறையையும் உங்கள் மகளோடு பகிர்ந்துகொண்டால், சட்டத்தின் கண்ணில் உங்கள் மகள் வாடகைதாரர் அல்ல, உடன் தங்குபவர். வாடகைதாரரின் டெபாசிட்டை 30 நாட்களுக்குள் அரசாங்கம் அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் வைக்க வேண்டும். உடன் தங்குபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முன்வாடகை பற்றி மேலே சொன்ன புதிய விதியும் அவருக்குப் பொருந்தாது. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே, நியாயமான கால அவகாசம் கொடுத்து அவரை வெளியேறச் சொல்லலாம். நல்ல குடும்பமாக இருந்தால் பிள்ளைக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும். குடும்பம் சரியில்லை என்றால் பிள்ளையின் கையில் பிடிமானம் குறைவு. அதனால் அத்தகைய இடத்தில் டெபாசிட்டைக் குறைத்துக் கேளுங்கள். நான் இரண்டு வார வாடகைக்கு மேல் வாங்குவதில்லை.

வீடு யாருடையது என்று பார்க்க அரசாங்கத்தின் நிலப் பதிவகத்தில் முகவரியைக் கொடுத்து 7 பவுண்டு கட்டினால் உரிமையாளரின் பெயர் வந்துவிடும். அதே பெயரில்தான் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். அதே வேலைக்குப் பல மடங்கு காசு வாங்கும் போலித் தளங்களும் உள்ளன, எனவே அரசாங்கத் தளத்திலேயே நுழையுங்கள்.

மூன்றாவது இடத்தைப் பற்றி: இங்கிலாந்தில் ஒரே குடும்பம் அல்லாத ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து தங்கும் வீட்டுக்கு கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் கட்டாயம். ஈஸ்ட்ஹாம் இருக்கும் நியூஹாம் கவுன்சில் 2013-இலேயே தன் பகுதி முழுவதற்கும் வாடகை உரிமத் திட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற வீடுகளின் பட்டியலை அவர்களுடைய தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உரிமம் பெற்ற பகிர்வு வீட்டில் இருவர் உறங்கும் அறை குறைந்தது 10.22 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 110 சதுர அடி இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் பத்துக்கு ஒன்பது அடி 90 சதுர அடிதான். முகவரியைக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையே அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிடுகிறது: உரிமம் இல்லை, அல்லது கவுன்சில் கொடுத்த வீட்டை யாரோ திருட்டுத்தனமாக உள்வாடகைக்கு விடுகிறார்கள். பின்னதாக இருந்தால் ஒரு நாள் காலையில் ஆறு பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டியிருக்கும். முகவரி இல்லாமல் மருத்துவரிடம் பதிவு செய்வதும் வங்கிக் கணக்குத் திறப்பதும் பெரும்பாடு.

தாமிரபரணிக்கரை

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மகள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிளக் எதுவும் தெரியும்படி ஒரு படம்கூட இல்லை. வீடியோ அழைப்பில் அறையைக் காட்டச் சொன்னதற்கு, ஸ்காட்லாந்தில் சிக்னல் சரியில்லை என்றும், இன்னொரு மாணவி இன்று இரவே பணம் கட்டத் தயாராக இருப்பதால் ஆறு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் பதில் வந்தது. அந்த எண்ணை அப்போதே முடக்கிவிட்டோம்.

ஈஸ்ட்ஹாம் குடும்பத்தினர் வீடியோவில் பேசினார்கள். நிலப் பதிவகத்தில் அந்த அம்மாவின் பெயரே இருக்கிறது. ஆனால் மகளுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. இந்நிலையில் 150 பவுண்டைக் கட்டலாமா? ஒரு பெண் பிள்ளை என்ற முறையில் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: மேனர்பார்க் செவிலி

ஐயா, நான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். நான்கு ஆண்டுகளில் மூன்று வீடுகள் மாறியிருக்கிறேன். டோக்கனைக் கட்டலாம், ஆனால் விசா மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்பதை அவர்களிடம் எழுத்தில், மின்னஞ்சலிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு ஒன்றைக் கவனியுங்கள். விசாவுக்காக வங்கியில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாட்கள் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே ஒரு நாளும் இறங்கக் கூடாது. என்னோடு தங்கியிருந்த ஒரு தங்கை அறைக்கான டெபாசிட்டை அதே கணக்கிலிருந்து அனுப்பப் போய், இருப்பு சில நாட்கள் குறைந்து, நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. டோக்கனை வேறு கணக்கிலிருந்து அனுப்புங்கள்.

வீடியோ அழைப்பை இன்னொரு முறை கேளுங்கள். இந்த முறை அறைக்குள்ளிருந்து தொடங்க வேண்டாம். தெருப் பெயர்ப் பலகையிலிருந்து தொடங்கி, கதவு எண்ணைக் காட்டி, வாசல் வழியாக உள்ளே நடந்து, படியேறி அறைக்குப் போகச் சொல்லுங்கள். அறைக் கதவில் பூட்டு இருக்க வேண்டும். ஆனால் உள்ளேயிருந்து சாவி இல்லாமல் கையால் திருகித் திறக்கக்கூடிய பூட்டாக இருக்க வேண்டும், ஏனென்றால் தீப்பிடித்தால் இருட்டில் சாவி தேட முடியாது. ஒவ்வொரு மாடியிலும் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கு விடும் வீட்டின் எரிவாயு இணைப்பை ஆண்டுக்கொரு முறை பதிவு பெற்ற பொறியாளர் சோதித்துச் சான்று தர வேண்டும். அந்தத் தாளின் தேதியைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டாம்.

அந்த வீட்டில் ஏற்கெனவே தங்கியிருக்கும் அல்லது முன்பு தங்கியிருந்த ஒரு பெண்ணிடம் உங்கள் மகள் தனியாகப் பேச வேண்டும். வீட்டு ஆண்கள் கதவைத் தட்டாமல் உள்ளே வருவார்களா, விருந்தினர் வந்தால் அவளை அறையைக் காலி செய்யச் சொல்வார்களா, குளிர்காலத்தில் ஹீட்டரை எத்தனை மணிக்கு அணைப்பார்கள் என்பதையெல்லாம் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால்தான் தெரியும். என்னுடைய முதல் வீட்டில் நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் என் அறைக்குள் வந்து போனதை, அலமாரியில் மடித்து வைத்த புடவை இடம் மாறியிருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அவரும் தமிழர்தான், தினமும் கோயிலுக்குப் போகிறவர்தான். ஆகையால் மொழியையும் பக்தியையும் வைத்து எடை போடாதீர்கள்.

என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: ஓராண்டுக்கான அறையை ஊரிலிருந்தே முடிவு செய்ய வேண்டாம். முதல் பத்து நாட்களுக்கு மட்டும் நிறுவனமாக நடக்கும் ஒரு விடுதியில் இடம் பிடியுங்கள். நகரத்தின் நடுவில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. இருக்கிறது, இந்திய மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்டது, சாப்பாடும் கிடைக்கும். கிரேட் போர்ட்லண்ட் ஸ்ட்ரீட் அருகே இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்ஸ் ஹவுஸும் உண்டு. செப்டம்பரில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் இப்போதே எழுதிக் கேளுங்கள். அங்கிருந்தபடி மகள் ஈஸ்ட்ஹாம் வீட்டைப் பகலில் ஒரு முறையும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறையும் போய்ப் பார்க்கட்டும். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நடந்தால்தான் அந்தத் தெரு எப்படிப்பட்டது என்று தெரியும். ஈஸ்ட்ஹாமிலிருந்து மைல் எண்டுக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வண்டி மாறாமல் போகலாம், அதனால் தூரத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. டெபாசிட்டை அறையைப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.

தாமிரபரணிக்கரை

அம்மா, நீங்கள் சொன்னபடியே ஃபிட்ஸ்ராய் சதுக்க விடுதிக்கு இன்று காலை மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம். ஈஸ்ட்ஹாம் அம்மாவிடம் மகள் நேரில் வந்து பார்த்த பிறகு டெபாசிட் தருகிறோம் என்று சொன்னேன். அவர் சற்றும் யோசிக்காமல் சம்மதித்தார், முன்பு தங்கியிருந்த பெண்ணின் எண்ணையும் தந்தார். டோக்கனை என் மனைவியின் கணக்கிலிருந்து அனுப்புகிறோம். இரண்டு பெரிய பெட்டிகளோடு ஹீத்ரோவிலிருந்து மகள் தனியாகப் போய்ச் சேர எது சுலபமான வழி என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: மேனர்பார்க் செவிலி

எலிசபெத் லைனில் ஏறி டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கச் சொல்லுங்கள். அங்கிருந்து நார்தர்ன் லைனில் இரண்டாவது நிறுத்தமான வாரன் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் விடுதி பக்கம்தான். பெட்டிகள் கனமாக இருந்தால் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டிலேயே லிஃப்டில் மேலே வந்து ஒரு டாக்சி எடுத்துக்கொள்ளட்டும். வந்து சேர்ந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை என்றால், அறை பார்க்க நானும் அவளோடு போய் வருகிறேன்; தேதி முடிவானதும் தனிச் செய்தி அனுப்புங்கள்.